ஒட்டணு

சில மாதங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிராஃபீன், அதாவது ஒரே அணு கனமுள்ள கார்பன் தகடு பற்றிய கட்டுரை. வேகமாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: 'பொட்டாசியம் விளம்பர அணுக்கள் பரப்பின் மின் பண்பை மாற்றுகின்றன.' பொட்டாசியத்துக்கு எதற்கு விளம்பரம்? மூலத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கே இருந்த சொல் ஆட்-ஆட்டம் (adatom). முன்னால் நிற்கும் 'ஆட்' என்பதை விளம்பரமாக எடுத்துக்கொண்டு எந்திரம் வேலையை முடித்திருக்கிறது. எந்திரத்தைக் கிண்டல் செய்ய எனக்கும் தகுதி இல்லை. முன்பு ஒருமுறை நானே அவசரத்தில் 'ஆடாட்டம்' என்று எழுதியிருக்கிறேன். படித்தவருக்குத் திருவிழாவில் யாரோ ஆடு வேடம் கட்டி ஆடுவது போலத்தான் இருந்திருக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஒரு திடப்பொருளின் பரப்பின் மேல் வந்து ஒட்டி உட்கார்ந்திருக்கும் தனி அணுவுக்குத்தான் இந்தப் பெயர். பழக்கடையில் சாத்துக்குடியை அடுக்கி வைத்திருப்பார்கள். மேல் வரிசையில் மூன்று பழங்கள் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் இன்னொரு பழத்தை வைத்தால் அது அடுக்கைத் தொட்டுக்கொண்டு, ஆனால் அடுக்கின் வரிசையில் சேராமல், துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பழம்தான் நாம் பேசும் அணு.

சொல்லின் பிறப்பு கொஞ்சம் கலப்பு. முன்னொட்டு லத்தீன், 'அருகே, நோக்கி' என்று பொருள். பின்பாதி கிரேக்கம், 'வெட்ட முடியாதது' என்று பொருள். நேரடியாக இவை இரண்டும் கூடிப் பிறந்ததல்ல, நடுவில் ஒரு தாய்ச்சொல் உண்டு. 1881-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்தது 'அப்சார்ப்ஷன்', அதாவது உள்ளே உறிஞ்சிக்கொள்வது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது அந்த வகை. ஷூ பெட்டியில் கிடக்கும் சிலிகா ஜெல் பொட்டலம் செய்வது வேறு: காற்றின் ஈரம் அதன் நுண்துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டிய அணுவைச் சுருக்கிச் சொல்லப் பிறந்ததுதான் ஆட்-ஆட்டம். 1930களின் சீசியம் ஆய்வுக் கட்டுரைகளிலேயே இது புழக்கத்தில் இருந்தது.

(போகிற போக்கில் ஒன்று: வெட்ட முடியாதது என்று பெயர் வைத்துவிட்டுக் கடைசியில் அதைப் பிளந்தும் காட்டினார்கள். நம் 'அணு' நுண்மையை மட்டும்தான் சொல்கிறது. அதனால் அதற்கு அந்தச் சங்கடம் வரவில்லை.)

இந்தச் சொல்லில் உயிர் எங்கே இருக்கிறது என்றால், 'மேலே' என்பதில். அதைக் காட்ட மைக்ரோவேவ் அடுப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்குள் மேக்னெட்ரான் என்று ஒரு குழல் இருக்கும். அதன் நடுவே உள்ள டங்ஸ்டன் இழை சூடாகி எலக்ட்ரான்களை உமிழ வேண்டும். உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் வெளியே வர ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. பாடப்புத்தகத்தில் வெளியேற்று ஆற்றல் என்று படித்திருப்போம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் மாதிரி. சுத்தமான டங்ஸ்டனில் அந்தச் சுவரின் உயரம் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட வைக்க இழையைக் கண்மண் தெரியாமல் சூடாக்க வேண்டும். அதனால் இழையில் தோரியம் ஆக்சைடை ஓரிரு சதவீதம் கலந்து செய்கிறார்கள். உள்ளே கலந்து கிடக்கும்வரை தோரியத்தால் பெரிய பயன் இல்லை. சூடேற்றும்போது தோரியம் அணுக்கள் மெல்லக் கசிந்து பரப்புக்கு வந்து, ஒரே ஒரு அணு கனத்துக்குப் படர்கின்றன. சுவர் 2.6-க்கு இறங்கிவிடுகிறது. அதே தோரியம்தான், அதே இழைதான்; உள்ளே இருந்தது மேலே வந்தது, அவ்வளவுதான். பல நூறு டிகிரி குறைந்த வெப்பத்திலேயே இழை எலக்ட்ரான்களைக் கொட்டத் தொடங்குகிறது. இதையெல்லாம் துருவிப் பார்த்தவர் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் இர்விங் லாங்மூர். பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் வாங்கினார்.

எப்படி இறங்குகிறது? தோரியம் அணு தன் எலக்ட்ரான்களில் ஒரு பங்கை டங்ஸ்டன் பக்கம் சாய்த்துவிட்டு, தான் சற்றே நேர்மின்னோடு வெளிப்பக்கம் நிற்கிறது. பரப்புக்கு வெளியே நேர்மின், உள்ளே எதிர்மின் என ஒரு மெல்லிய இரட்டை அடுக்கு உண்டாகிறது. வெளியேறப் பார்க்கும் எலக்ட்ரானை அது வெளிப்பக்கமாக இழுத்துவிடுகிறது. சீசியத்தில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். சீசியம் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் ஏறக்குறைய 2, டங்ஸ்டனுக்கு 4.5. இரண்டும் சேர்ந்தால் இடையில் எங்கோ நிற்கும் என்றுதானே நினைப்போம்? டங்ஸ்டன் மேல் சீசியம் முழுதாக மூடாமல், அரைகுறையாகப் படிந்திருக்கும்போது மதிப்பு இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. மேலும் மேலும் சீசியம் வந்து நெருக்கியடித்தால், பக்கத்துப் பக்கத்து அணுக்களின் மின்புலங்கள் ஒன்றையொன்று தணித்து, மதிப்பு மறுபடி ஏறுகிறது. கூட்டம் கூடினால் வேலை கெடும் என்பது அணுவுக்கும் பொருந்துகிறது.

இப்போது தமிழ்ச் சொல். முதலில் மனதில் வருவது 'மாசணு'. குறைக்கடத்தியில் பாஸ்பரஸ் சேர்ப்பதை மாசூட்டல் என்று நன்றாகவே பழகிவிட்டோம். ஆனால் அந்தப் பாஸ்பரஸ் சிலிக்கானுக்குள் ஒரு சிலிக்கான் அணுவின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது. இது மேலே உட்கார்வது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் மேக்னெட்ரான் கதையே சொல்ல முடியாது. 'கூடுதல் அணு' என்பது எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை.

'வேற்றணு', 'அயலணு' என்றால் கேட்க அழகாக இருக்கும். சிலிக்கான் அதற்கு இடம் கொடுக்காது. சிலிக்கான் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால், பரப்பில் உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு பிணைப்பு துணையில்லாமல் தொங்கும். சுத்தமான வெற்றிடத்தில் சூடாக்கினால் பரப்பு தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொண்டு 7×7 என்ற அமைப்புக்கு வருகிறது. அந்த அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 49 ஆக இருக்க வேண்டிய தொங்கும் பிணைப்புகள் 19 ஆகக் குறைகின்றன. அந்த வேலையில் பெரும்பங்கு மேலே ஏறி உட்கார்ந்த 12 அணுக்களுடையது. ஒவ்வொன்றும் கீழே உள்ள மூன்றைக் கட்டிப்போட்டுவிட்டு, தன்னுடையது ஒன்றைத் தொங்கவிடுகிறது. அந்தப் பன்னிரண்டும் சிலிக்கானேதான்! வெளியிலிருந்து யாரும் வரவில்லை. பின்னிக், ரோரர் குழுவினர் 1983-ல் தாங்கள் உருவாக்கிய, பரப்பின் மேல் ஊசிமுனையை நகர்த்தி அணு அணுவாகப் படமெடுக்கும் ஊடுருவு நுண்ணோக்கியில் இந்தப் பன்னிரண்டையும் புள்ளி புள்ளியாகப் பார்த்தார்கள். உள்ளே குறைக்கடத்தியாக இருக்கும் சிலிக்கான், இந்தப் பரப்பில் உலோகம் போல நடந்துகொள்கிறது. எனவே அயலணு என்பது அடிபட்டுப் போகிறது.

அட்சார்ப்ஷனுக்குப் பாடநூல் வழக்கில் பரப்புக்கவர்ச்சி, பரப்புகவர்தல் என்றெல்லாம் உண்டு. புறத்துறிஞ்சல் என்று எழுதுவாரும் உண்டு. இவற்றோடு அணுவைச் சேர்த்தால் 'பரப்புகவரணு' என்று நாக்கு சுளுக்கும். எனக்குப் பிடித்தது ஒட்டணு. ஒட்டு என்பது நமக்குப் புதுச் சொல் இல்லை. ஒட்டு மாங்கன்று, ஒட்டுத் திண்ணை, கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு, வேட்டியில் ஏறிக்கொள்ளும் ஒட்டுப்புல். எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றின் மேலோ பக்கத்திலோ சேர்கிறது, கரைந்துபோவதில்லை. ஒட்டு மாவில் காய்ப்பதே வேறு காயாகிவிடுகிறது. இதிலிருந்து அடுத்த சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன: மின்னேற்றம் பெற்றது ஒட்டயனி, அடுக்காகப் படிந்தது ஒட்டடுக்கு.

கிராஃபீனில் வைத்துப் பார்க்கலாம். பொட்டாசியம் ஒட்டணு தன் எலக்ட்ரானைக் கிராஃபீனுக்குக் கொடுத்துவிடுகிறது. கடத்தும் எலக்ட்ரான்கள் கூடுகின்றன. ஆனால் கொடுத்த கையோடு, நேர்மின்னாகி அங்கேயே நின்று, ஓடுகிற எலக்ட்ரான்களை இடறியும் விடுகிறது. ஹைட்ரஜன் வேறு ரகம். அது ஒரு கார்பன் அணுவை நேரடியாகப் பிணைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு ஹைட்ரஜன் ஒட்டணு தன்னைச் சுற்றிச் சில நானோமீட்டர் தூரத்துக்குக் கிராஃபீனில் காந்தத் தன்மையை உண்டாக்குவதை மாட்ரிட் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள்.

ஒட்டணு என்ற சொல்லுக்கு ஒரு ஆட்சேபம் வரும். ஒட்டிக்கொண்டது எப்படி நகரும்? இந்த அணுக்கள் பரப்பில் பள்ளம் விட்டுப் பள்ளம் தாவுகிறவை. படிகம் வளர்வதே அப்படித்தான். என் பதில், சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி ஓடுவதில்லையா?

1993-ல் கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் க்ரோமி, லூட்ஸ், ஐக்லர் மூவரும் செம்புப் பரப்பின் மேல் 48 இரும்பு ஒட்டணுக்களை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி, ஏறத்தாழ 14 நானோமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டமாக நிறுத்தினார்கள். செம்பின் பரப்பில் அலையும் எலக்ட்ரான்கள் அந்த இரும்பு வேலியில் மோதித் திரும்பின. வட்டத்துக்குள், தட்டிவிட்ட தண்ணீர்க் குடத்தில் தெரியும் வளையங்கள் போல, எலக்ட்ரான் அலைகள் அசையாமல் நின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கால்நடைகளை அடைக்கும் வேலியைக் குறிப்பது. தமிழில் யோசிக்கவே வேண்டாம், பட்டி. குவாண்டம் பட்டி. 4 கெல்வின் குளிரில்தான் அந்த நாற்பத்தெட்டும் சொன்ன இடத்தில் நின்றன. சூடேற்றினால் பட்டியில் வேலியே கிளம்பி நடக்கத் தொடங்கிவிடும்.