கழுத்துக்குள் ஒரு செயற்கை டிஸ்க்

கழுத்து டிஸ்க் "விலகிவிட்டது" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். நடப்பது வேறு. எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் கிட்டத்தட்ட கொழுக்கட்டை மாதிரி: வெளியே நார்நாராகப் பின்னிய கெட்டி வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பின்பக்கம் பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்தும். கோளாறு கழுத்தில் இருக்க, வலி விரல்நுனி வரை இழுப்பது அதனால்தான். கழுத்தின் ஏழு எலும்புகளில் 5-6, 6-7 ஆகியவற்றுக்கு நடுவில் இது அதிகம் வரும்.

பெரும்பாலானவர்களுக்கு மருந்தும் பிசியோதெரபியும் சில வாரப் பொறுமையுமே போதும். வலி அடங்கவில்லை, கையில் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் அறுவை சிகிச்சை.

அதைப் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாகச் செய்கிறார்கள். பின்பக்கமாகப் போனால் தண்டுவடம் குறுக்கே நிற்கும். முன்பக்கத்தில் தோல் மடிப்பை ஒட்டிச் சின்னதாக வெட்டி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம், பெரிய ரத்தக்குழாயை மறுபக்கம் ஒதுக்கினால், பெரிய தசை எதையும் அறுக்காமலே எலும்பு தெரிந்துவிடும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி டிஸ்க்கைச் சுரண்டி எடுத்து நரம்பை விடுவிக்கிறார்கள். கைவலியைத் தீர்ப்பது இந்த வேலைதான். ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், காலியான இடத்தில் வைக்கும் செயற்கை டிஸ்க்தான் வலியைப் போக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள்.

சரி, காலியான இடத்தை என்ன செய்வது? 1950களிலிருந்து இருக்கும் வழி, எலும்புத் துண்டை வைத்து இரண்டு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவைப்பது. வலிக்கு நல்ல பலன் உண்டு. ஆனால் அந்த இடம் பிறகு அசையாது; மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒட்டவைத்தவர்களில் ஆண்டுக்குச் சுமார் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து டிஸ்க்கில் புதுத் தொல்லை வருகிறது என்று 1999இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஒட்டவைத்ததுதான் காரணமா, வயதின் தேய்மானமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஒட்டவைப்பதற்குப் பதில் செயற்கை டிஸ்க் வைத்து அசைவைக் காப்பாற்றும் முயற்சியில் முக்கியமானது இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்தது. அங்கே கம்மின்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் எஃகில் ஒரு மூட்டு செய்து 20 பேருக்குப் பொருத்தினார். முடிவுகள் 1998இல் வெளிவந்தன. ஆட்டுக்கல் குழியில் குழவி சுழல்வதுபோல, ஒரு பாகத்தின் குழிவில் இன்னொன்றின் குமிழ் அசையும். அந்த வழியில் வந்த பிரெஸ்டீஜ் டிஸ்க்குக்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போதுள்ள சிலவற்றில் கோபால்ட்-குரோமியத் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். தகட்டின் வெளிப்புறம் டைட்டானியப் பூச்சால் சொரசொரப்பாக இருப்பதால், எலும்பு அதில் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

எலும்பு பலவீனமானவர்களுக்கும், கழுத்தெலும்புகளின் பின்பக்க மூட்டுகள் மிகவும் தேய்ந்தவர்களுக்கும் செயற்கை டிஸ்க் ஒத்துவராது. ஆபரேஷனுக்குப் பின் சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் வரலாம். சிலருக்கு வருடங்கள் கழித்துச் சுற்றிலும் எலும்பு வளர்ந்து டிஸ்க் இறுகிப்போவதும் உண்டு. அப்போதும் பெரும்பாலும் கைவலி திரும்புவதில்லை. நரம்புதான் முதல் நாளே விடுபட்டுவிட்டதே.