‘திண்ணப்பன்’ என்ற பெயர் வீட்டோடு நின்றுவிடக் கூடாது

காரைக்குடியில் வழக்கறிஞராக இருக்கும் என் மேசைக்கு வரும் கட்டுகளில் பெரும்பாலானவை பூர்வீக வீடுகளைப் பற்றியவை. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பிய அதிகாரப் பத்திரம் என்று வகைகள் பல இருந்தாலும், வேலை தடைப்பட்டு நிற்கும் இடம் பல நேரங்களில் சொத்தின் நான்கெல்லை அன்று. ஓர் ஆளின் பெயர்தான். அப்படி என் கையில் மீண்டும் மீண்டும் வந்த ஒரு பெயரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அது திண்ணப்பன். இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு அரிதாகவே வைக்கப்படும் பெயர். வைத்தாலும் வீட்டுக்குள் அழைப்பதற்கு என்று மட்டும் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் வேறொரு பெயரை எழுதிவிடுகிறார்கள். அதனால் வரும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்பெயரின் வேர் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனுக்கும் அவன் மனைவி தத்தைக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லாதிருந்து, முருகனை வேண்டிப் பிறந்த ஆண்குழந்தையைத் தந்தை கையில் ஏந்துகிறான். ஏந்துவதற்கு அரிதாக, அவ்வளவு திண்மையாக இருந்ததால், ‘திண்ணன் என்றே அழையுங்கள்’ என்று அங்கேயே பெயர் வைத்துவிடுகிறான். பின்னாளில் காளத்தி மலையில், ஆறாம் நாள், இறைவனுக்குத் தன் கண்ணை இடந்து அப்பிய பிறகு கிடைத்த பெயர்தான் கண்ணப்பன். கண்ணப்பன் என்ற பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. திண்ணன் என்ற பெயரோ, பெரும்பாலும் நம் செட்டிநாட்டு வீடுகளில், பழனியப்பன், மெய்யப்பன், அழகப்பன், நாச்சியப்பன், சாத்தப்பன் என்ற வரிசையோடு ஒட்டித் திண்ணப்பன் ஆகி நிலைத்தது. அடியாராகி உலகம் அறிந்த பிறகு கிடைத்த பெயரைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். பெற்றவன் முதன்முதலாகத் தூக்கியபோது வைத்த பெயரை நம்மவர்கள் வைத்துக்கொண்டார்கள். இந்த வேறுபாடு எனக்கு எப்போதும் பெருமையாகவே இருக்கிறது.

இந்தப் பெயர் ஏன் பரவவில்லை, ஆனால் ஏன் அழியவும் இல்லை என்பதற்குக் காரணம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், பெயரிடும் முறையில் இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர். அடுத்தவனுக்குப் பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற ஐயாவின் பெயர். ஆகவே இங்கே பெயர் நாகரிகத்தைப் பார்த்து வருவதில்லை. திரைப்படம் பார்த்தோ, எண்கணிதம் பார்த்தோ யாரும் திண்ணப்பன் என்று வைப்பதில்லை. ஒரு வீட்டில் ஐயா திண்ணப்பனாக இருந்தால் பேரன் திண்ணப்பன், அவ்வளவுதான். அதனால் இப்பெயர் திடீரென்று பெருகுவதும் இல்லை, திடீரென்று குறைவதும் இல்லை. ஆனால் ஒரு தலைமுறை கைவிட்டால், அந்த வீட்டில் அது அத்தோடு முடிந்தது. அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொடுக்க ஆள் இருக்கமாட்டார். சிங்கப்பூரில் தமிழ்க் கல்விக்குப் பெரும்பணி ஆற்றிய பேராசிரியர் சுப. திண்ணப்பனை அறிந்தவர்களுக்கு இப்பெயர் பழக்கமாக இருக்கும். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘சுப.’ என்ற இரண்டெழுத்தையும் கவனியுங்கள். ஒற்றை எழுத்தோடு நிறுத்தாமல், இன்னார் மகன் என்பது தெரியும்படி ஈரெழுத்தாக எழுதுவது நம் வழக்கம். அதை விலாசம் என்போம். அக்காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்களுக்கு அந்த விலாசமே கடையின் பெயராகவும் இருந்தது.

வீட்டுப் பெயர் ஒன்று, எழுத்துப் பெயர் ஒன்று என்ற பழக்கம் புதிதன்று. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் முன்பு இல்லை. மாமனார் திண்ணப்பன், தான் பெற்ற பிள்ளையும் திண்ணப்பன் என்றால், அந்தத் தாய் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ஐயா, ராசா, தம்பி என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி அழைத்தாள். அதுவே அவனுக்கு ஊரிலும் நிலைத்தது. ஆனால் அப்போது முன்னோர் பெயர் எழுத்தில் இருந்தது, செல்லப் பெயர் வாயில் இருந்தது. இன்று அது அப்படியே தலைகீழாகிவிட்டது. புதிய பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது; ஐயாவின் பெயரை அப்பத்தா மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்பத்தாவின் காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இல்லை.

சுவீகாரம் போனால் பெயர் மாறுவதும் நம் பக்கத்தில் உண்டு. சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கவிஞர் கண்ணதாசனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. சுவீகாரம் சென்ற வீட்டில் நாராயணன். ஒரே ஆளுக்கு இரண்டு வீட்டு ஆவணங்களில் இரண்டு பெயர்கள் இருப்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

எழுத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். திண்ணப்பன் என்பதில் இருப்பது மூன்று சுழி ண, டண்ணகரம். அதை இரண்டு சுழி ன போட்டு எழுதினால் ‘தின்னப்பன்’ ஆகிவிடும். திண்மையைச் சொன்ன சொல் தின்பதைச் சொல்லும் சொல்லாகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே ஒருமுறை ஆங்கிலத்தில் ஏற்றி, அதிலிருந்து மறுபடியும் தமிழுக்குக் கொண்டுவரும்போது, தட்டச்சு செய்பவருக்கு எந்தச் சுழி என்று தெரிய வழியே இல்லை. அதற்கு மேல், ஆங்கிலத்தில் ‘ஐ’ (I) போட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் ‘ஈ’ (E) போட்டுவிட்டால், அது தேனப்பன் என்றும் படிக்கத்தக்கதாகிவிடுகிறது. தேனப்பன் என்பது செட்டிநாட்டில் நல்ல வழக்கில் உள்ள வேறொரு பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த பாகப்பிரிவினை ஒன்றில் இவை அத்தனையும் ஒன்றாக வந்து நின்றன. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். 1950களில் எழுதிய மூலப் பத்திரத்தில் ‘திண்ணப்ப செட்டியார்’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கணினிப் பட்டாவில் ‘தின்னப்பன்’. மலேசியாவில் வாழும் பேரன் ஐயாவின் பெயரையே தாங்கியவர். ஆனால் அவருடைய கடவுச்சீட்டில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் படித்தால் தேனப்பன். அதே குடும்பத்தில் சித்தப்பா மகன் ஒருவர் உண்மையாகவே தேனப்பன். வாரிசுகளின் பட்டியலைப் பார்த்த அலுவலர், ஒருவரையே இரண்டு முறை எழுதிப் பங்கு கேட்கிறீர்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை; காகிதம் அப்படித்தான் பேசியது. பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிரமாணப் பத்திரம், உறவினர்களின் வாக்குமூலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, இவர் வேறு அவர் வேறு என்று நிறுவி முடிப்பதற்குள் ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலமெல்லாம் வீட்டின் உட்பகுதியான வளவில் ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் தேக்கு உத்தரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பங்கு முடியாமல் யாரும் கை வைக்க முடியவில்லை.

அந்த வழக்கில் எங்களைக் காப்பாற்றியது பெட்டகத்தின் அடியில் கிடந்த இசைகுடிமானம். திருமணத்தின்போது இரு வீட்டார் பெயரையும் எழுதி வைக்கும் அந்த ஏட்டில், மூத்தவரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும் விலாசத்தோடு இருந்தன. ஓலையில் எழுதியவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இராது. ஆனாலும் மூன்று சுழி மூன்று சுழியாகவே தெளிவாக இருந்தது. உறவுமுறையைப் பற்றிக் குடும்ப ஆவணத்தில் முன்னோர் எழுதி வைத்ததையும், 30 ஆண்டுகள் கடந்து, இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெளிவரும் பழைய ஆவணத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும் என்பதை மறவாதீர்கள். பழைய பொருள் வாங்குபவரிடம் பெட்டகத்தை விற்கும்போது உள்ளிருக்கும் ஏடுகளையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். இளையாற்றங்குடி முதலான நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் தங்கள் குடும்பம் சேர்ந்த கோயிலில் எழுதப்படும் புள்ளிக் கணக்கில், அதாவது குடும்பக் கணக்கில், பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்தில் தயாரித்த ஒரு பத்திரத்திலேயே ‘தின்னப்பன்’ என்று அச்சாகி, நானும் கவனிக்காமல் பதிவாகி, பின்னர் பிழைதிருத்தல் பத்திரம் எழுத நேர்ந்தது. அன்றிலிருந்து இப்பெயர் வரும் ஒவ்வொரு வரைவையும், கட்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து, அவர் விரல் வைத்துக் காட்டிப் படித்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.

இனி, குழந்தைக்குப் பெயர் வைக்கப்போகிறவர்களுக்கு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரின்றியும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே பெரியவர்கள் ஊரிலிருந்து வருவதற்குள் மருத்துவமனையில் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரை எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. எழுதிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. பெயரையே மாற்றுவது அவ்வளவு எளிதன்று. 2023இல் வந்த திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இதற்கு முன் பிறந்த நமக்குப் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்க இடமிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வழி கிடையாது.

புதிய பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் ஆசைப்பட்ட பெயரோடு திண்ணப்பன் என்பதையும் சேர்த்து ஒரே பெயராகப் பதிவேட்டில் எழுதுங்கள் என்றே சொல்கிறேன். ஆங்கிலத்தில் டி, ஹெச், ஐ, இரண்டு என், ஏ, இரண்டு பி, ஏ, என் என்று ஒரு முறையை முடிவு செய்து, ஆதார், பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள். கடவுச்சீட்டில் விலாசத்தைச் சுருக்கெழுத்தாக ஏற்பதில்லை. விரித்து எழுத வேண்டும். ‘சுப.’ என்பது சுப்பையாவா, சுப்பிரமணியனா என்பதை அப்போது தேடாமல் இப்போதே தெரிந்து வையுங்கள். ஏற்கெனவே இரண்டு பெயரோடு வளர்ந்துவிட்ட பெரியவர்கள், அரசின் எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். அது முடியாவிட்டால், தாங்கள் எழுதும் ஒவ்வொரு பத்திரத்திலும் ‘திண்ணப்பன் என்கிற இன்னார்’ என்று இரண்டு பெயரையும் தவறாமல் எழுதி வைத்தால், பிள்ளைகளுக்கு அலைச்சல் குறையும்.

போன மாதம் ஒரு குடும்பம் பத்து மாதப் பிள்ளையோடு வந்தது. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். தந்தை தமிழ்க் கட்டத்தில் எழுதி என்னிடம் நீட்டுவதற்குள், உடன் வந்த அப்பத்தா அதைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பி, “வக்கீல் தம்பி, மூணு சுழி சரியா விழுந்திருக்கா, நீங்க ஒருக்கப் பாருங்க” என்றார். கட்டத்தின் கோடு அந்த எழுத்தின் மேலேயே ஓடியிருந்ததால் சுழி தெளிவாகத் தெரியவில்லை. வேறொரு படிவம் எடுத்துக் கொடுத்து, முதலிலிருந்து எழுதச் சொன்னேன்.