மடக்குக் கதவுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

பாடசாலைக்குப் புதிதாக இரண்டு வகுப்பறை கட்டப்போகிறோம், என்ன வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டால், மாடியும் மண்டபமும் என்றுதான் பதில் வரும். இந்த இடத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலை வகுப்பு, பின்னேர வகுப்பு, ஞாயிறு அறநெறி, பரீட்சை, தேர்தலன்று வாக்களிப்பு, வெள்ளத்துக்கு இடைத்தங்கல் முகாம் என்று பட்டியல் தானாக நீளும். வரைபடம் அதிலிருந்து தொடங்கட்டும். இரண்டு அறைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாக மடக்குக் கதவு வைத்தால், தேவைப்படும்போது அதைத் திறந்து ஒரே மண்டபமாக்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு மட்டும் பேசி முடிக்க வேண்டாம். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர் காலைக் கூட்டத்துக்கு வரமாட்டார். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மாரைப் படலையடியில் கேட்கலாம். வரைபடத்தைக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள்; மைதானத்தில் ஓர் அறைக்கு 20 அடிக்கு 25 அடி சுண்ணாம்புக் கோடு போட்டு 35 மேசை கதிரையை வைத்துப் பார்த்தால்தான் கதவு எங்கே இடிக்கிறது என்று வாய் திறப்பார்கள்.

இரண்டு அறையையும் ஒன்றாக்கினால் 1,000 சதுர அடி. ஆளுக்கு 7 சதுர அடி வீதம் கதிரையில் 140 பேர் இருக்கலாம். முகாமானால் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் என்ற ஸ்பியர் (இடர்கால நிவாரணத்துக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நியமம்) அளவுப்படி 26 பேருக்குத்தான் இடம். இதை ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூரைப் பாரத்தைத் தூணும் வளையும் (பீம்) தாங்க வேண்டும். நடுச்சுவரில் பாரம் ஏற்றினால் பிறகு அதை எடுக்க முடியாது. மடக்குக் கதவு அநேகமாகத் தோற்பது சத்தத்தில். கதவு 7 அடியில் நின்றுவிடும், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு கூரைக்கடியால் இங்கே வரும். கதவுக்கு மேலே வளை போட்டு, அதிலிருந்து கூரைவரை அடைக்க வேண்டும். அந்த வளை தொய்ந்தால் கதவு இறுகும் என்பதால் கதவின் பாரத்தையும் பொறியியலாளர் கணக்கில் எடுக்கட்டும். கதவை மேலே தொங்கவிடுங்கள். தரையில் தண்டவாளம் வைத்தால் கடற்கரை மணல் அடைத்துவிடும். பலகை என்றால் கறையானுக்கு முதலே மருந்து அடிக்க வேண்டும்.

கட்டடத்தின் நீளப்பாடு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் ஒடுங்கிய சுவரில்தான் விழும். வாடை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் 8 அடி விறாந்தை வடக்கே வரட்டும். தெற்குப் பக்கத்துக்குத் துளைக்கல் வேண்டாம், கச்சான் காற்றின் புழுதியை மறிக்க மூடித் திறக்கும் யன்னல்தான் சரி.

பிறகு மாடி கட்டலாம் என்று தூண் கம்பியை வெளியே நீட்டி விடுகிறார்கள். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, துரு உள்ளே இறங்கிக் கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். கம்பியை மெலிந்த (சீமெந்து குறைந்த) கொங்கிரீட்டால் மூடுங்கள். அத்திவாரத்தை மாடிக்கு ஏற்றபடி இப்போதே போடாவிட்டால் அந்தக் கம்பியால் பயனில்லை. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோர அனுமதியும் எடுக்க வேண்டும்.

மின்விசிறிக்கும் விளக்குக்கும் அறைக்கு அறை தனி ஆளி. 1½ அடி மேடைக்கு 18 அடி நீளச் சாய்தளம். மலசலகூடத்துக்கு வகுப்பறையைத் திறக்காமல் போகும் வழி. கடைசியாகச் சாவி: அதிபரிடம் ஒன்று, ஊரில் மற்றது யாரிடம் என்பதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதிவிடுங்கள். வெள்ளம் வரும் இரவில் பூட்டு உடைபடுவது பெரும்பாலும் அது எழுதப்படாததால்தான்.