சபக்தானி: சொல் விளக்கம்

சிலுவையில் தொங்கிய இயேசு 'எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி' என்று கூப்பிட்டதாக மாற்கு 15:34 சொல்கிறது. பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போகிறவர்களுக்குப் பழகிய வரி. பொருளும் அங்கேயே இருக்கிறது: 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?'

சொல் அரமேயம், இயேசு பேசிய மொழி. ஷெபக் (விடு) + தா (நீ) + னி (என்னை). புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்து கிடையாது. அதனால் அங்கே 'ச' ஆகி, நமக்கும் அப்படியே வந்தது. 'கைவிட்டீர்' என்பதிலுள்ள மரியாதை தமிழ் சேர்த்தது. மூலத்தில் வெறும் 'விட்டாய்'தான்.

இது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. எபிரெயத்தில் அங்கே நிற்பது 'அசப்தானி' என்ற வேறு வினை.

ஷெபக் என்ற வினைக்கு விடுதல், அனுமதித்தல், மன்னித்தல் என்று பல பொருள் உண்டு. அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக் மொழியில் 'எங்கள் கடன்களை மன்னியும்' என்று ஜெபிப்பதும் இதே வினையால்தான். இந்த நெகிழ்வைப் பிடித்துக்கொண்டு, 'இதற்காகவே நான் விட்டுவைக்கப்பட்டேன்' என்று சிரியாக் பைபிளை ஆங்கிலத்தில் தந்த ஜார்ஜ் லாம்சா மொழிபெயர்த்தார். கேட்க ஆறுதலாக இருக்கிறது, ஆனால் நிற்காது. மாற்குவே கிரேக்கத்தில் பொருள் எழுதிவிட்டாரே! அவர் போட்ட வினை 'எங்காதலெய்போ': நெருக்கடியில் தனியே விட்டுப் போவது. உடன் ஊழியரான தேமா தன்னை விட்டுப் போனதைப் பவுல் சொல்வதும் (2 தீமோத்தேயு 4:10) அதே வினையில்தான்.

சரி, கடவுள் நிஜமாகவே கைவிட்டாரா? இல்லை, இயேசு நம் நிலையில் நின்று நமக்காகப் பேசுகிறார் என்றார் 4ஆம் நூற்றாண்டின் நசியான்சு கிரகோரியார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின், அந்த வேதனையை இயேசு உள்ளத்தில் உண்மையாகவே அனுபவித்தார், அப்போதும் 'என் தேவனே' என்பதை விடவில்லை என்கிறார். வேறு சிலர், 'தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலும்' என்ற அதே சங்கீதத்தின் 24ஆம் வசனத்தைக் காட்டி, முதல் வரியைச் சொன்னால் முழுச் சங்கீதமும் அடங்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அருகில் நின்ற சிலருக்கு அது சங்கீதமாகக் கேட்கவில்லை. எலியாவைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தார்கள். கடைசி வசனங்களைக் காட்டி முதல் வரியை அவசரமாக ஆற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழில் இதற்கு 'கைவிடுதல்' போதும். 'துறத்தல்' என்றால் துறவு வாடை வந்துவிடும். 'புறக்கணித்தல்' பாராமுகத்தோடு நின்றுவிடும். கைவிட வேண்டுமென்றால் முன்பு கை பிடித்திருக்க வேண்டும். இறையியல் பெயர்ச்சொல்லாக 'கைவிடப்படுதல்' என்று எழுதலாம். எபிரெயர் 13:5இல் 'உன்னைக் கைவிடுவதுமில்லை' என்று வரும் இடத்திலும் கிரேக்கத்தில் இருப்பது எங்காதலெய்போதான்.