மழைக்கு முன்னே வரும் மண்சுவர்

2011 ஜூலை 5 மாலை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரை நோக்கி ஒரு பழுப்புச் சுவர் நகர்ந்து வந்தது. உயரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அகலம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இத்தகைய புழுதிப்புயலுக்கு 'ஹபூப்' என்று பெயர். காற்று வீசுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைக் காலம்தான் இதற்கும் காலம்.

இந்தச் சுவரை எழுப்புவதே மழைதான். இடிமேகத்திலிருந்து இறங்கும் துளி, கீழே காய்ந்து கிடக்கும் காற்றுக்குள் நுழைந்ததும் ஆவியாகத் தொடங்குகிறது. பல வேளைகளில் தரையைத் தொடுமுன்பே தீர்ந்துவிடுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் மேகத்துக்குச் சாம்பல் நிறத் தாடி முளைத்ததுபோல் தெரியும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, சரிந்து, தரையில் மோதி, கவிழ்ந்த குடத்து நீர்போல நாலாபுறமும் பாய்கிறது. வழியிலுள்ள மண்ணை வாரிக்கொண்டு வரும் அதன் முன்விளிம்பையே நாம் சுவராகப் பார்க்கிறோம்.

வாரும் விதம் வியப்பானது. நுண்தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் காற்றுக்கு எளிதில் மசியாது. முதலில் அசைவது மணல். ஒவ்வொரு மணியும் துள்ளி எழுந்து, விழுந்த இடத்தைக் கொத்துகிறது; அந்தக் கொத்தில் தூசி உதிர்ந்து மேலே கிளம்புகிறது. மணல் பெரும்பாலும் தரையையொட்டியே துள்ளிப் போகும். தூசிதான் வானம் ஏறும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் பொருள்கள்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். நேற்றைய காற்றில் அசையாத தோட்டத்து நாற்காலி இன்று பறந்துவந்து ஜன்னலை உடைப்பது இதனால்தான். முற்றத்தில் இருப்பதை உள்ளே எடுத்துவையுங்கள், அல்லது இறுகக் கட்டுங்கள். பட்ட கிளைகளைப் பருவம் தொடங்குமுன்பே வெட்டிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். ஏர்கூலர் வெளிக்காற்றை இழுத்து வேலை செய்வது; நிறுத்தாவிட்டால் அதுவே புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும்.

வீட்டைவிட எனக்குச் சாலையைப் பற்றித்தான் கவலை அதிகம். புழுதிக்குள் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி வண்டியை நிறுத்துங்கள். கைபிரேக்கைப் போட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சீட் பெல்ட் அப்படியே இருக்கட்டும். விளக்கை அணைக்க மனம் ஒப்பாது. ஆனால் பின்னால் தடுமாறி வருபவர், தெரிகிற ஒரே சிவப்பு விளக்கை ஓடுகிற வண்டி என்று நம்பி அதையே பின்பற்றுவார். நின்ற வண்டிமீது வேகம் குறையாமல் மோதுவார். கால் பிரேக்கில் இருந்தாலே அந்த விளக்கு எரியும்.

புழுதியைத் தொடர்ந்து வெள்ளம் வரலாம். மழை எங்கோ மலையில் பெய்திருக்கும். இங்கே தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதே வறண்ட ஓடை நிரம்பிவிடும். 30 சென்டிமீட்டர் ஆழ ஓட்டம் சிறிய காரை மிதக்கவிடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். ஓடையில் நீர் ஓடினால் வண்டியை இறக்க வேண்டாம்.

புயல் ஓய்ந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள். அரிசோனா மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் வித்துகள் புழுதியோடு நுரையீரலுக்குள் போய்ப் 'பள்ளத்தாக்குக் காய்ச்சலை' உண்டாக்கக்கூடும். இருமலும் காய்ச்சலும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், புழுதியில் சிக்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பார்வைக்கு நிமோனியாபோலவே இருக்கும். பாக்டீரியாவுக்குத் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரை பூஞ்சையை ஒன்றும் செய்யாது.