பிள்ளை இறந்தாலும் பிறப்பைப் பதியுங்கள்

“பிள்ளைதான் இல்லையே, இனி எதற்கு லீவு?” திருகோணமலையில் கடையொன்றில் வேலை செய்த ஒரு தாயிடம் முதலாளி இப்படிக் கேட்டார். குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்திருந்தது. இரண்டு கிழமையில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். சட்டப்படி அவருக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை இருந்தது. அதை எடுத்துச் சொல்ல அந்த நேரம் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் பொருந்தும். இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: பிள்ளை உயிருடன் பிறந்ததா? ஆம் என்றால் 84 நாள். அதன்பின் அது எத்தனை நாள் வாழ்ந்தது என்ற கணக்கு இல்லை. இறந்து பிறந்தால் 42 நாள். மூன்றாம் பிள்ளைக்கு விடுமுறையைக் குறைக்கும் பழைய விதியும் 2018இல் நீக்கப்பட்டுவிட்டது. முதலாளி மறுத்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அரச ஊழியர்களின் விடுமுறைக்கு, அவர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் 12ஆம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும்.

உயிருடன் பிறந்ததற்குச் சான்று பிறப்புப் பதிவு. இங்கேதான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. பிஞ்சு உடலை வீட்டுக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் இறப்பை மட்டும் பதிந்துவிட்டு வருகிறார்கள். “பெயர்கூட வைக்கவில்லையே, எதற்குப் பதிவு?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். ஒரு மணி நேரமே மூச்சு விட்டிருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். பிறப்பை 42 நாளுக்குள், இறப்பை 5 நாளுக்குள் பதிய வேண்டும். வைத்தியசாலையில் பிறந்து அங்கேயே இறந்திருந்தால் அங்குள்ள பதிவாளரிடமே இரண்டையும் கேளுங்கள். வீட்டில் இறந்தால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்துக்குப் பிறகு, உயிரின் அறிகுறி எதுவும் இல்லாமல் பிறந்த பிள்ளையைச் சட்டம் இறந்த பிறப்பு என்கிறது. அதற்குத் தனிப் பதிவு.

தந்தையின் நிலை வேதனையானது. தனியார் துறையில் அவருக்கென்று சட்டத்தில் துக்க விடுமுறை கிடையாது. கடை, அலுவலக ஊழியராக இருந்தால் திடீர்த் தேவைகளுக்கென ஆண்டுக்கு 7 நாள் அமைய விடுமுறை உண்டு, அதிலிருந்து எடுக்கலாம். கடலுக்குப் போகிறவருக்கும் கூலிவேலை செய்பவருக்கும் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் சமுர்த்திச் சமூகப் பாதுகாப்பு நிதியத்தில் சேர்ந்திருந்தால், மரண உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். ஊர் மரண உதவிச் சங்கத்தையும் மறந்துவிடாதீர்கள்.

பிள்ளை இல்லை என்பது தாயின் உடம்புக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் மார்பு கட்டிப் பால் சுரந்து சட்டையை நனைக்கும். வெட்கத்தால் அதை வெளியே சொல்லாத தாய்மார் அதிகம். பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுப் பராமரிப்பு குடும்பநல மாதுவின் கடமை. பிள்ளை இறந்த வீட்டுக்கும் அவர் வர வேண்டும். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி அழையுங்கள். வலி, காய்ச்சல், இரத்தப்போக்கு எல்லாவற்றையும் மாதுவிடம் தயங்காமல் சொல்லலாம். நித்திரையில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று தாயோ தந்தையோ சொன்னால் அன்றைக்கே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.