பொதுத்துறைத் தலைவரின் சம்பளம் எதனால் உயர்கிறது?

பெரிய மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையில் தலைவரின் ஊதியத்தைப் பார்க்கிறவர்கள், அதை அவரே நிர்ணயித்துக்கொண்டார் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது மத்திய அரசின் உத்தரவு. இப்போதைய விகிதங்கள் 2017 ஆகஸ்ட் 3 அன்று வெளியாயின. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் கணக்கு.

முதல் காரணம், நிறுவனம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது. ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகள் உண்டு. 'ஏ' பிரிவுத் தலைவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 2,00,000 ரூபாயில் தொடங்கி 3,70,000 வரை போகும். 'பி' பிரிவில் 1,80,000 முதல் 3,20,000 வரை. இதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வசதி, அடிப்படையில் 35 சதவீதம் வரை இதர படிகள்.

ஆனால் தொகையைப் பெரிதாக்குவது செயல்திறன் ஊதியம்தான். 'ஏ' பிரிவுத் தலைவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 150 சதவீதம் வரை இதற்கு இடமுண்டு. தொடக்க நிலையில் ஆண்டு அடிப்படை 24 லட்சம் என்றால், உச்சவரம்பு 36 லட்சம். மத்திய அரசின் மிக உயர்ந்த அதிகாரியான அமைச்சரவைச் செயலாளரின் சம்பளமோ மாதம் 2,50,000. அவருக்குச் செயல்திறன் ஊதியம் கிடையாது.

உச்சவரம்பு எல்லோருக்கும் எல்லா ஆண்டும் கிடைத்துவிடாது. பணம் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். அதுவும் நிறுவனத்தின் முதன்மைத் தொழிலில் வந்த லாபம். வங்கியில் சும்மா கிடக்கும் பணத்துக்கு வந்த வட்டியைச் சேர்க்கக் கூடாது. மிக நியாயமான விதி இது. அரசோடு செய்த ஒப்பந்த இலக்குகளில் 'மோசம்' என்று மதிப்பீடு பெற்றால், லாபம் இருந்தாலும் செயல்திறன் ஊதியம் இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. பங்குச்சந்தையில் உள்ள தனியார் நிறுவனம், தன் இயக்குநரின் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல (ஊதிய வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது) எத்தனை மடங்கு என்று வெளியிட்டாக வேண்டும். நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 2015 ஜூன் 5 அறிவிக்கை அரசு நிறுவனங்களுக்கு அந்தப் பிரிவிலிருந்து விலக்கு தந்துவிட்டது. மக்கள் பணத்தில் உருவான நிறுவனங்களுக்கு இந்த விலக்கு எதற்கு? அது நீங்கும்வரை நமக்கிருக்கும் வழி தகவல் உரிமைச் சட்டம்: தலைவரின் மொத்த ஊதியம், அதில் செயல்திறன் ஊதியம் எவ்வளவு, அந்த ஆண்டு நிறுவனம் பெற்ற மதிப்பீடு என்ன, இந்த மூன்றையும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.